கையுறைக்கு மட்டும் டெண்டர்

தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பெரிய கொள்முதல்களுக்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட வேண்டும். அரசு பேரிடர் என அறிவித்தால் 16ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. வெள்ளத்தில் மோட்டார் வாங்க டெண்டருக்குக் காத்திருக்க முடியாது. அதில் எனக்குக் குறையில்லை.

2015 டிசம்பரில் சென்னையின் குப்பையை அள்ள வெளிமாவட்டத் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். பலர் வெறுங்கையால் அள்ளினார்கள். ஆட்களைக் கொண்டுவர இருந்த அவசரம் கையுறைக்கு இல்லையா?

ஆய்வுக்காகப் போன ஒரு நகராட்சியில், மழைக்காலத்தில், பணியாளர்களுக்கு ஏன் பூட்ஸ் இல்லை என்று கேட்டேன். "டெண்டர் இன்னும் முடிவாகலைங்க" என்றார் எழுத்தர். அவர் மேசையிலேயே ஜெனரேட்டர் வாங்கிய கோப்பும் இருந்தது. அவசரக் கொள்முதல். மூன்றே நாளில் முடித்திருந்தார்கள்.