மனத்துக்கும் ஜாதி உண்டா?

மனிதரில் யோசிக்கிறவர் ஒரு வகை, உணர்ச்சியால் நடப்பவர் ஒரு வகை, உள்ளுணர்வால் நடப்பவர் ஒரு வகை என்று பிரித்துச் சொல்லும் ஒரு தத்துவம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. இதைக் கொண்டு, இன்னான் இந்த வேலைக்கு லாயக்கு, இன்னான் லாயக்கற்றவன் என்றும் சொல்லத் தலைப்பட்டுவிட்டார்கள். ஆகவே இதை நாம் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மூலம் சுவிட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ வைத்தியர் யுங் என்பவர் 1921-ல் வெளியிட்ட நூலாகும். மனத்தின் வேலை நான்கு என்றார் அவர். புலனறிவும் உள்ளுணர்வும் விஷயத்தை மனத்துக்குக் கொண்டு வருபவை. யோசனையும் உணர்ச்சியும் வந்ததை எடை போடுபவை. யோசனை, "இது மெய்யா?" என்று கேட்கிறது. உணர்ச்சி, "இது நமக்கு வேண்டியதா?" என்று கேட்கிறது. எனவே உணர்ச்சியும் ஒருவிதத் தீர்ப்பே என்பது அவர் கருத்து. ஒருவனிடம் ஒன்று ஓங்கியிருக்கும் என்றாரேயொழிய, மற்றவை அவனிடம் அடியோடு இல்லையென்று அவர் சொல்லவில்லை.

பிறகு அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் அம்மையாரும் அவர் மகள் இசபெல் மயர்ஸ் அம்மையாரும் இதைக் கேள்வித்தாளாக்கி, மனிதரை 16 வகையாக்கினார்கள். யோசனைக்கும் உணர்ச்சிக்கும் நடுவே ஒரு கோடு! ஆனால் ஜனங்களில் பெரும்பாலோர் அக்கோட்டின் அருகிலேயே நிற்கிறார்கள். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடியும் எழுதினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. வேலைக்கு ஆள் பொறுக்க இதை உபயோகிக்கக் கூடாதென்று இதை நடத்துகிறவர்களே சொல்லுகிறார்கள்.

"எனக்கு அப்படியே பொருந்துகிறதே!" என்பார்கள். போரர் என்ற அமெரிக்க ஆசிரியர் 39 மாணவருக்கு ஒரு பரீட்சை வைத்து, "இதுதான் உன் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் 5-க்குச் சராசரி 4.26 மார்க்குப் போட்டார்கள். பிறகுதான் எல்லார் தாளிலும் ஒரே வாசகம் இருந்தது தெரிந்தது. அதுவும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது! இச்சோதனையை அவர் 1949-ல் வெளியிட்டார்.

அப்படியானால் இம்மூன்றும் எப்படி வேலை செய்கின்றன? உள்ளுணர்வு தெய்வ வாக்கல்ல. பல வருஷம் சதுரங்கம் ஆடியவன் காயைப் பார்த்தவுடனே ஆபத்தை அறிகிறான். அது பழக்கம் சேர்த்துவைத்த அறிவு. பழகாத விஷயத்தில் அதே உள்ளுணர்வு அவனைக் குழியில் தள்ளிவிடும். அங்கே யோசனைதான் அதைச் சோதிக்க வேண்டும்.

யோசனை மட்டும் போதுமா? டமாசியோ என்ற மூளை வைத்தியர் 1994-ல் எழுதிய நூலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுகிறார். மூளையின் முன்பக்கத்தில் கட்டி எடுத்தபின், புத்திப் பரீட்சைகளில் அம்மனிதர் நன்றாகவே தேறினார். ஆனால் உணர்ச்சி மங்கிப் போயிற்று. அதன்பின் அற்ப காரியத்தில்கூட முடிவு செய்யமாட்டாமல் திண்டாடினார், வேலையும் போயிற்று. எது வேண்டும் என்று சொல்ல உணர்ச்சி இல்லாவிட்டால், யோசனை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்குமேயல்லாமல் முடிவுக்கு வராது.

ஆதலால் தோழர்களே! இவை மூன்று ஜாதி மனிதரல்ல. ஒவ்வொரு மனிதனிடமும் உள்ள மூன்று கருவிகள். "உனக்கு யோசனை வராது, நீ உணர்ச்சிக்காரன்" என்று உங்கள் மகனையோ மகளையோ யாராவது ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழக்கத்தால் எக்கருவியையும் தீட்டலாம். தீட்டாதேயென்று தடுக்க எந்தத் தாளுக்கும் அதிகாரமில்லை.