துருவின் சாட்சியம்



கலிபோர்னியாவில் ஒரு வீட்டு வாசலில், குப்பை வண்டிக்காகக் காத்துக்கிடந்த துவிச்சக்கரவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். பெயர் உரிந்துபோயிருந்தது. புதுப் பூச்சுப் பூச எண்ணி அரத்தாளை எடுத்த நான், சற்றே தயங்கி, அதை வாசிக்கத் தொடங்கினேன்.

மூட்டுறைகளின்றி வெல்டிங் செய்த குழாய்கள். பிரான்சின் மபக் பிறேக். யப்பானின் சன்ரூர் கியர். இவை சேர்ந்து சுட்டியது, 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ரம்ப்ஜம்பர்' என்னும் மலைவண்டியை. அழுக்கைத் துடைத்தபோது மிதியச்சின் அடியில் தெரிந்த தொடரிலக்கமும் ஒத்துவந்தது.

1976இல் அங்குள்ள மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளில் மலைச்சரிவில் பந்தயம் விட்டனர். இறங்கும் வேகத்தில் பின்சில்லு பிறேக்கின் கிறீஸ் புகைந்து தீரும்; மீண்டும் அடைக்க வேண்டும். அதனால் அப்பாதைக்கே 'ரீபக்' என்று பெயர். 1977இல் ஜோ பிறீஸ் அத்தகைய ஓட்டத்துக்கெனவே சட்டம் செய்தார். சிலருக்கே கிட்டிய அவ்வகை வண்டியைப் பலரிடம் சேர்த்தது, தொகையாகச் செய்யப்பட்ட ஸ்ரம்ப்ஜம்பர்.

ஏட்டில் புரியாத எழுத்தைச் சுரண்டி அழிப்பவன் பதிப்பாசிரியன் ஆகான். நானும் அரத்தாளை வைத்துவிட்டு, துரு மேலும் பரவாதிருக்க எண்ணெய் மட்டும் பூசினேன். மலை இட்ட கீறல்கள் அப்படியே இருக்கின்றன.