15 நாள் யாருக்கு?

(மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தந்தைமை விடுப்பு என்று தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. பரவாயில்ல. புள்ள பெறுறது பொம்பள, லீவு ஆம்பளைக்கா என்கிற சிரிப்பு அது. இதே சிரிப்பைத்தான் சூப்பர்வைசரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான். அவன் சிரிப்புக்குப் பின்னால் கூலிப் பிடித்தம் இருக்கிறது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். இது மேட்டுக்குடிப் பிரச்சினை, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் கவலை என்று நம் தோழர்களே சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

சட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 1997இலிருந்து 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு வந்தது. உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்போ, குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள்ளோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. முழுச் சம்பளம். சொந்த விடுப்புக் கணக்கில் கழிக்கக் கூடாது. இந்த விடுப்பைச் சாதாரணமாக எந்தச் சூழ்நிலையிலும் மறுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது.

சரி, அதே மத்திய அரசு அலுவலகத்துக்குள் போங்கள். மாடியில் ஒரு குமாஸ்தாவுக்குக் குழந்தை பிறக்கிறது, 15 நாள் கிடைக்கிறது. அதே மாடியில் கக்கூஸ் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே வாரம் குழந்தை பிறக்கிறது. அவனுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. ஏனென்றால் அவன் அரசு ஊழியன் இல்லையாம், காண்டிராக்டருடைய ஆளாம். அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருப்பவன் எந்தச் சேரியிலிருந்து வந்தவன் என்று நான் சொல்லணுமா? விதியில் சாதி என்ற சொல்லே இல்லை. நிரந்தரம், ஒப்பந்தம் என்றுதான் பிரிக்கிறார்கள். பிரித்த பிறகு யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தனியார் துறைக்குப் போனால் பொதுச் சட்டமே இல்லை. 1961இன் மகப்பேறு நலச் சட்டம் பெண்ணுக்கு 12 வாரம் கொடுத்தது. 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமானது. நல்லது, போராடிப் பெற்றது. அதே 2017இல் தந்தையருக்கும் சலுகை கேட்டு ஒரு தனிநபர் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகாமலே போயிற்று. 2020இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு எழுதினார்கள், 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் அப்பனுக்கு ஒரு வரி இல்லை.

இங்கே அண்ணல் அம்பேத்கரை நினைவுபடுத்த வேண்டும். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவ காலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு, பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடைகிற முதலாளியும் அதிலிருந்து முழுக்கக் கழன்றுகொள்ள முடியாது என்பது அவர் வாதம். பிள்ளை பெறுவதை வீட்டு விவகாரம் என்று சொல்லித் தப்பித்த முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அதை ஏற்றச் சொன்னார். இன்றைக்கு நாம் கேட்பது அதே கணக்கில் இன்னொரு வரிதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. லீவுச் செலவு பெண்ணுக்கு மட்டும் என்று இருக்கும்வரை, 'பொம்பளைய வேலைக்கு எடுத்தா நஷ்டம்' என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பான். ஆணுக்கும் உண்டு என்றால் அந்தச் சாக்கில் கொஞ்சமாவது ஓட்டை விழும்.

லீவு கேட்டால் வருகிற முதல் பதில் எல்லோருக்கும் தெரியும். 'பிரசவத்துக்குத்தான் அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களே, அங்க உனக்கென்னய்யா வேலை?' இது யாருடைய குடும்பத்தைப் பார்த்துச் சொல்லும் பதில்? அம்மா வீட்டில் உட்கார்ந்து பத்தியச் சமையல் செய்து போட ஒரு அம்மா இருக்கிற குடும்பத்தை. நம்ம வீட்டு அம்மா காலை ஆறு மணிக்கு மஸ்டரில் பெயர் கொடுக்கப் போயாகணும். மாமியாரும் கூலி, நாத்தனாரும் கூலி. பிரசவ வார்டுக்குள்ளே கூட இருக்க ஒரு பெண் துணையைக் கேட்கிறார்கள், அந்தத் துணைக்கு அன்றைய கூலி போகிறது. வெளியே மருந்துச் சீட்டு, ரத்தம், ஸ்கேன் என்று ஓட ஒரு ஆள் வேணும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை, அதற்கு ஒரு அலைச்சல். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கு வங்கிக் கணக்கு, ஆதார், கிராமச் செவிலியர் என்று இன்னொரு அலைச்சல். இத்தனைக்கும் ஓடுகிறவனைப் பார்த்து உனக்கென்ன வேலை என்கிறான்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய மருத்துவமனை ஒன்றில் துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளி, நமக்குத் தெரிந்த தம்பி. அவன் கூட்டுகிற கட்டிடத்திலேயே அவன் மனைவிக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தை எடுத்தார்கள். மூணு நாள் லீவு கேட்டான். 'நீ இங்கதானே இருக்கப்போற, அப்படியே வேலையும் பாரு' என்றான் மேற்பார்வையாளன். நாலாம் நாள் போனால் அவன் இடத்தில் வேறு ஆள். சங்கத்துக்கு வந்தான். 'எழுதிக் குடுத்தியா?' என்று கேட்டேன். 'வாயால சொன்னேண்ணே' என்றான். அவர்கள் கணக்கில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றவன். ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒன்று என்று இரண்டு மனு எழுதினோம். குழந்தை பிறந்ததற்கான வார்டுச் சீட்டையும் இணைத்தோம். பத்து நாள் அலைந்து வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பத்து நாள் கூலி கிடைக்கவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் எழுத்து சம்பந்தப்பட்டது. பிரசவத் தேதி தெரிந்த உடனே, ஒரு மாதம் முன்னாலேயே விண்ணப்பம் எழுத வேண்டும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் ஒப்புகையோடு விரைவுத் தபால். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலான மேலாளர்கள் வாயால் மறுப்பார்கள், எழுத்தில் மறுக்கப் பயப்படுவார்கள்.

காகிதம் இருந்தால்தான் நீதிமன்றம் வரை போக முடியும். டில்லியில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியருக்கு இந்த 15 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2009இல் டில்லி உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியருக்கும் அந்த விடுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது என்று அங்கே பள்ளிக் கல்விச் சட்டம் இருந்ததால் அது முடிந்தது. நம் ஊரில் 2023இல் ஒரு காவல் ஆய்வாளர் வழக்கு. கொடுத்த விடுப்பை சட்டம் ஒழுங்கு என்று சொல்லி ரத்து செய்தார்கள், பிறகு பணியைவிட்டு ஓடியவர் என்றே உத்தரவு போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார், தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் எழுதினார். ஆய்வாளருக்கே இந்தக் கதி என்றால் துப்புரவுத் தொழிலாளி எந்த வாசலில் போய் நிற்பான்?

விதியே இல்லாத இடத்தில் இருக்கிறதை வைத்துத்தான் ஆட வேண்டும். ஜவுளிக்கடை, தனியார் அலுவலகம் இவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு 1947இன் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. கடையில் உட்கார நாற்காலி கொடு என்று 2021இல் திருத்தினார்களே, அதே சட்டம். நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு அதில் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. பெண்டாட்டி பிரசவம் நியாயமான காரணம் இல்லை என்று எந்த முதலாளி எழுதித் தருவான், பார்ப்போம். ஆனால் இது தந்தைமை விடுப்பு இல்லை. காய்ச்சல் சாவுக்கு வைத்திருந்த நாளை எடுத்துச் செலவு செய்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு தோழர் துண்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார், 'லீவு குடுத்தா டீக்கடையிலதானே உட்காருவான்?' என்று. உட்காருவான். நம்ம ஆள் நிறைய பேர் உட்காருவான். நம் சங்கக் கூட்டங்களில் எத்தனை ஆம்பளைகள் குழந்தைக்குக் கால் கழுவியிருக்கிறீர்கள் என்று கேட்டால் கை தூக்குகிறவர்கள் குறைச்சல். தீட்டுத்துணி துவைப்பது கேவலம் என்று நமக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊர் அழுக்கை நம் தலையில் கட்டியவர்களிடமிருந்தே அதையும் கற்றுக்கொண்டோம். லீவை வாங்கிக்கொண்டு வீட்டு வேலை செய்யாதவனிடம் அவன் மனைவியும் சங்கமும் கேள்வி கேட்கட்டும். அதைச் சாக்காகச் சொல்லி மறுக்கிற உரிமை முதலாளிக்கு இல்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் விடுப்பு பெரும்பாலும் டெண்டர் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது. லீவு நாளுக்கு மாற்று ஆள் கூலியை அதில் சேர்க்காததால்தான் காண்டிராக்டர் 'என் கையிலிருந்தா கொடுப்பேன்' என்கிறான். அடுத்த டெண்டர் விடுவதற்கு முன்னால் நிர்வாகத்திடம் போய், பிரசவத்துக்கு 15 நாள் சம்பள விடுப்பும் மாற்று ஆள் செலவும் நிபந்தனையில் சேர வேண்டும் என்று கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் இப்போதைய ஒப்பந்தத்தின் நகலை வாங்கலாம். சட்டம் படிக்கிற தோழர்கள் மூணு பேர் இதற்கு வந்தால் போதும், மனுவின் வாசகத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், பேப்பர் பேனா என்னிடம் இருக்கிறது.