சின்னஞ்சிறு வினைகள்



கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. தமிழில் உயர்தரம் படித்துச் செல்லும் நம் வன்னிப் பிள்ளைகளை அங்கே பெரிதும் வருத்துவன கலைச்சொற்களல்ல. அவற்றுக்கு அகராதி உண்டு. 'கெற்', 'புற்', 'ரேக்' முதலிய சின்னஞ்சிறு வினைகளே காலை வாருகின்றன.

'புற்' என்றால் வை, 'ஓவ்' என்றால் அப்பால் என்று உருப்போட்டவர், பரீட்சை 'புற் ஓவ்' ஆயிற்று என்ற அறிவித்தலைப் பார்த்து என்ன விளங்குவார்? ஒத்திவைத்த பரீட்சைக்கு முல்லைத்தீவிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்து நிற்பார்!

இது ஆங்கிலத்தின் கோணல் என்பர் சிலர். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? கணக்குப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், தேநீரும் போடுகிறோம்.

1930 இல் ஒக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களில் 'அடிப்படை ஆங்கிலம்' வகுத்தார். அதில் வினைகள் பதினெட்டே. ஆனால் நுழைதலுக்குக் 'கோ இன்', தொடர்தலுக்குக் 'கோ ஓன்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சொற்கள் குறைந்தன, சுமை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கற்ற மிஷன் பாடசாலையில் 'கோ, வென்ற், கோன்' என்று இராகத்தோடு ஒப்பித்தோம். மூன்று வடிவங்களும் வந்தன, பொருள் வரவில்லை. ஆகையால், 'ரேக்' என்றால் எடு என்று மட்டும் கொப்பியில் எழுதாதீர்கள். மருந்து குடித்தல், படம் பிடித்தல், பஸ்ஸிலே போதல், பரீட்சைக்குத் தோற்றுதல் ஆகிய நான்குக்கும் அவ்வினை வரும். நான்கு வாக்கியங்களாக எழுதி, வாய்விட்டு வாசியுங்கள்.