தேயிலைக்கு வழிவிட்ட நதி

கீழ்பென்னாத்தூர் டீக்கடைகளில் இந்நேரம் பால் பொங்கிக்கொண்டிருக்கும். நாம் குடிக்கும் தேயிலையின் வரலாற்றில் பிரம்மபுத்திராவின் நீராவிக் கப்பல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1826இல் யாண்டபூ உடன்படிக்கையால் அஸ்ஸாம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1839இல் தேயிலை பயிரிட அஸ்ஸாம் கம்பெனி தொடங்கப்பட்டது. நிலம் கிடைத்தது, ஆனால் நல்ல வழி இல்லை. கல்கத்தாவிலிருந்து நாட்டுப்படகு நீரோட்டத்தை எதிர்த்து மேல் அஸ்ஸாம் சேர மாதக்கணக்கில் ஆனது. நீராவிக் கப்பல் அதை வாரக்கணக்காகச் சுருக்கியது. தொழிலாளரும் அரிசியும் இயந்திரங்களும் மேலே போயின. தேயிலைப் பெட்டிகள் கீழே வந்தன. அந்த வடகிழக்கு எல்லையில் தோட்டங்களும் குடியிருப்புகளும் பெருக முக்கியக் காரணங்களுள் ஒன்று இந்த நதிவழி.

ரயில் அல்லவா நாட்டை இணைத்தது என்று கேட்கலாம். அஸ்ஸாம்–வங்க ரயில் பாதை மலைகளைக் கடந்து முழுமை பெற்றது 1900க்குப் பிறகுதான். அதற்குள் தோட்டங்கள் வேரூன்றிவிட்டன. அப்படியானால் கப்பல் எல்லோருக்கும் நன்மை செய்ததா? இல்லை. சோட்டா நாக்பூர் போன்ற இடங்களிலிருந்து திரட்டப்பட்ட ஏழைகளில் பலர், நெரிசலான பயணத்தில் காலராவுக்கு இரையானார்கள். அவர்களை ஏற்றிச் செல்வதை ஒழுங்குபடுத்த 1863இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லையைத் திறந்தது நீராவி. அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். அஸ்ஸாம் தேயிலையின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்தே சொல்வோம்.