பயில்வான் காமாவின் பலம்

 

சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முடிந்ததும் உடற்பயிற்சிக் கூடங்களை நோக்கி விரையும் இளைஞர்களை நம் ஓசூரில் நிறையக் காண்கிறோம். நல்லதே. பலவீனரைவிடப் பலமுள்ள இறைநம்பிக்கையாளர் மேலானவர் என்பது நபிமொழியின் கருத்து. எனினும், பிறரை மல்யுத்தத்தில் வீழ்த்துபவரல்லர், சினத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வீரர் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

இவ்விரண்டும் ஒருசேர அமைந்த மனிதராகப் பயில்வான் காமாவைக் கூறலாம். இயற்பெயர் குலாம் முஹம்மது பக்ஷ். 1878-ல் பஞ்சாபில் மல்லர் குடும்பமொன்றில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். தாய்வழி உறவினரே அவரை வளர்த்துப் பயிற்றுவித்தனர். பத்து வயதில், ஜோத்பூரில் நடந்த உட்கார்ந்தெழும் போட்டியில் நூற்றுக்கணக்கான மல்லர்களுக்கிடையே நின்று அரசரின் பாராட்டைப் பெற்றார்.

1910-ல் லண்டன் சென்றார். உயரம் போதாதென்று போட்டியில் சேர்க்க மறுத்தனர். அவரோ அங்குள்ள மல்லர்களை வெளிப்படையாக அறைகூவி அழைத்தார். அமெரிக்கர் ரோலரை வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று போலந்தின் ஸ்பிஸ்கோ எதிர்கொண்டார். சுமார் இரண்டரை மணி நேரம் விரிப்போடு ஒட்டிக் கிடந்தே தப்பித்தார் அந்த மாமல்லர்! மறுபோட்டி செப்டம்பர் 17-க்குக் குறிக்கப்பட்டது; அவர் வரவேயில்லை. 'ஜான் புல்' இடைப்பட்டை காமாவுக்கு வழங்கப்பட்டது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்திற்குள் ஆட்டம் முடிந்தது.

ஆயினும் அவரது பலத்தை நான் அளப்பது இந்த வெற்றிகளைக் கொண்டல்ல.

எல்லையோரம் வாழும் நமக்குக் கூட்டத்தின் கோபம் எத்தகையதென்று தெரியும். காவிரிப் பிரச்சினைக்காக 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டு, பலர் உடுத்த துணியோடு இப்பக்கம் வந்து சேர்ந்தனர். 2016 செப்டம்பரில் அங்கே பேருந்துகள் எரிந்தன. இங்கே அத்திப்பள்ளி எல்லையோடு வண்டிகள் நின்றன. அத்தகைய வேளையில் புஜபலமுள்ள இளைஞர் எந்தப் பக்கம் நிற்பார்?

1947-ல் லாகூரின் மோஹினி சாலையில் காமா வசித்து வந்தார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. பிரிவினைக் கலவரத்தில் அத்தெருவின் இந்துக் குடும்பங்களைத் தாக்க ஒரு கும்பல் திரண்டது. தாக்க வந்தோர் அவருடைய மார்க்கத்தவரே. காமா தம் சீடர்களுடன் தெருவை மறித்து நின்றார். முன்னே வந்தவனுக்கு விழுந்தது ஓர் அறை. கும்பல் கலைந்தது என்று சொல்லப்படுகிறது. பின்னர், ஒரு வாரத்திற்கான உணவுப் பொருள்களைத் தம் செலவில் வாங்கிக் கொடுத்து, அக்குடும்பங்களை எல்லைவரை உடன் சென்று வழியனுப்பினாராம்.