வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல்
(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து, தூர் கட்டும் சம்பாப் பயிர் முழுவதும் நீரில் மூழ்கிவிடுவதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு வாரத்திற்கு மேல் மூழ்கினால் பெரும்பாலான இரகங்கள் அழுகிவிடுகின்றன. சில இரகங்களோ இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் மறுபடி தளிர்க்கின்றன. இதற்குக் காரணம் என்ன?

வாய்க்காலில் நீர் ஓடினாலும், நீர்பாய்ச்சி மடையைத் திறந்தால்தான் வயலுக்குப் பாயும். அதுபோல, பயிரிலுள்ள மரபணுக்களை வேண்டியபோது இயக்கவும் நிறுத்தவும் சில புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒரு குடும்பம் எத்திலீன் வாயுவின் தூண்டுதலுக்கு ஏற்பச் செயல்படுவது. வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான்.

மூழ்கிய பயிரில் எத்திலீன் வெளியேற முடியாமல் தேங்குகிறது. உடனே சாதாரண இரகம் நீருக்கு மேலே வர முயன்று, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து நீண்டு வளர்கிறது. நீர் வடிந்ததும் வலுவிழந்து சாய்ந்து மடிகிறது. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13ஏ இரகத்தில் சப்-1ஏ என்னும் மரபணு உள்ளது. இது உண்டாக்கும் புரதம் வளர்ச்சியை அடக்கிச் சத்தைச் சேமிக்கிறது. நீர் வடிந்தபின் அச்சத்தைக் கொண்டு பயிர் தளிர்க்கிறது. இம்மரபணு 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

வியப்பு என்னவென்றால், ஆழ்நீர் நெல்லில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்நார்க்கல் புரதங்கள் நேர்மாறாகத் தண்டை நீட்டிப் பயிரைக் காக்கின்றன. 2009இல் இதை ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். சில நாளில் வடியும் வெள்ளத்துக்கு அடங்கியிருப்பதும், மாதக்கணக்கில் நிற்கும் நீருக்கு நீண்டு வளர்வதும் ஏற்றவை.

சப்-1ஏ மரபணுவை ஒட்டுச் சேர்க்கை முறையில் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்-1 இரகம் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 சப்-1 இரகமும் உள்ளது. இவை வீரிய ஒட்டு இரகங்கள் அல்ல. ஆகவே கலப்பில்லாமல் அறுவடை செய்த நெல்லை விதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. வளர்ச்சிப் பருவத்தில் மூழ்கும்போதுதான் இக்குணம் உதவும். முளைக்கும்போதோ பூக்கும்போதோ மூழ்கினால் பலன் எதிர்பார்க்க இயலாது.

2. அரையளவு நீர் பல வாரம் தேங்கும் வயலுக்கு இது தீர்வாகாது. வடிகாலை முன்கூட்டியே தூர் வாருங்கள்.

3. நீர் வடிந்தவுடன் பயிர் செத்துவிட்டதென்று உழுதுவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, நடுக்குருத்தில் புது இலை வருகிறதா என்று பாருங்கள்.

4. தளிர்த்த பிறகே மேலுரம் இடுங்கள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷுடன் சேர்த்து இடலாம்.

தாழ்வான வயல் உள்ளவர்கள் வரும் சம்பாவில் ஒரு பகுதியிலாவது இவ்விரகத்தைப் பயிரிட்டுப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.